"அவன் பேசுறது புரியலையே, டீச்சர்": மனச்சிதைவு நோயும் பேச்சும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் 31 வருஷம் தமிழ்ப்பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். என் தம்பிக்கு 1996ல், 21 வயதில், மனச்சிதைவு நோய் வந்தது. ஊருக்கே தெரியும். அதனால் கோயில் அன்னதான வரிசையிலும் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கீரை வாங்கும்போதும் யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி ஏதாவது கேட்பார். பெரும்பாலும் பேச்சைப் பற்றித்தான். நான் டாக்டர் இல்லை. படித்ததையும், இத்தனை வருஷம் ஒரே வீட்டில் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

மனச்சிதைவு என்றால் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பதா?

இல்லை. அது சினிமாவில் வருவது. இந்தக் குழப்பத்துக்கு நோயின் பெயரே ஒரு காரணம். சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் புளூலர் 1908ல் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'ஸ்கிஸோஃப்ரினியா' என்று பெயர் வைத்தார். பிளவுபட்ட மனம் என்று பொருள். அவர் சொன்ன பிளவு ஆளுக்குள் இல்லை, எண்ணத்துக்கும் எண்ணத்துக்கும் இடையில். ஒரு நினைப்பை அடுத்த நினைப்போடு கட்டிவைக்கும் கயிறு தளர்ந்துபோகிறது என்பதுதான் அவர் கண்ட அடிப்படைக் கோளாறு. பேச்சு கலைவது அதனால்தான். ஜப்பானில் இந்தப் பழைய பெயரால் வந்த அவமானத்தைப் பார்த்து 2002ல் நோயின் பெயரையே மாற்றினார்கள்.

உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. ஒரு பெரிய தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை எண்ணிப் பாருங்கள். கணக்கு நம் ஊருக்கும் பொருந்தும்.

பேச்சு எப்படி மாறும்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

தம்பிக்கு நோய் வந்த முதல் வருஷம், ஒருநாள் காலையில் ரொட்டி வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். வெறுங்கையோடு வந்தான். ஏன்டா என்று கேட்டதற்கு அவன் சொன்னதை அன்றைக்கே நோட்டில் எழுதிவைத்தேன்:

"கடைக்குப் போனேன்க்கா. கடை பூட்டு. சாவி ராவுத்தர்கிட்ட. ராவு வந்தா நிலா வருது, நிலாவுக்கு யாரு சம்பளம் குடுக்குறா? சம்பளம் ஏழாந்தேதி. ஏழு மலை. மலைய வெட்டுனா செம்மண்ணு, செம்பனை."

மெதுவாகப் படியுங்கள். பக்கத்துப் பக்கத்து வாக்கியங்கள் இரண்டை எடுத்தால் தொடர்பு இருக்கிறது. கடைக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி. ஆனால் முதல் வாக்கியத்துக்கும் கடைசி வாக்கியத்துக்கும் ஒன்றுமில்லை. மருத்துவர்கள் இதற்குத் தடம்புரள்தல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கே ஸ்டேஷனில் ஏறியவன் கோலகங்சாரில் இறங்க வேண்டும். பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று கொக்கி மாட்டித்தான் இருக்கின்றன, ஆனால் ரயில் எங்கோ காட்டுக்குள் போய் நிற்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். ராவுத்தர் என்ற பேரிலிருந்து ராவு, செம்மண்ணிலிருந்து செம்பனை. பொருள் இழுத்துப் போகவில்லை, ஓசை இழுத்துப் போகிறது. பாட்டில் இதை மோனை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். செய்யுளில் மோனை பொருளுக்கு எடுபிடி வேலை செய்யும். இந்த நோயில் அதுவே முதலாளி ஆகி உட்கார்ந்துவிடுகிறது. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. "ஒழுங்காப் பேசுடா" என்று அதட்டினேன்.

அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசன் 1979ல் இப்படிப்பட்ட பேச்சுக் கோளாறுகளை 18 வகையாகப் பிரித்து எழுதினார். கேட்ட கேள்விக்குப் பக்கவாட்டில் பதில் சொல்வது, சொல்லவந்ததை வழியில் தொலைத்துவிடுவது, சொன்ன சொல்லையே சுற்றிச்சுற்றி வருவது, பேச்சு நடுவில் சட்டென்று நின்றுபோவது எல்லாம் அதில் உண்டு. முற்றிப்போனால் சொற்கள் மட்டும் மிஞ்சும், வாக்கியம் இருக்காது. அந்த அளவுக்குப் போகிறவர்கள் குறைவு. பேச்சில் கோளாறே தெரியாத நோயாளிகளும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

யாரைப் பற்றிப் பேசுகிறார் என்றே தெரியவில்லை. ஏன்?

தமிழில் இது இன்னும் சிக்கல். நாம் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுகிறவர்கள். "வந்தாங்க, சொன்னாங்க, போய்ட்டாங்க" என்றாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும், ஏனென்றால் யாரைப் பற்றிய பேச்சு என்பதை முன்பே நட்டுவைத்திருப்போம். கேட்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கணக்குப் போட்டுத்தான் நாம் ஒவ்வொரு வாக்கியத்தையும் விடுகிறோம். இந்த நோயில் அந்தக் கணக்கு தப்புகிறது. "அவன்", "அது", "அங்க" எல்லாம் வரும், ஆனால் எவன், எது, எங்கே என்பது வராது. ஆய்வாளர்கள் பல மொழிகளில் கண்ட அடையாளம் இது. தம்பி ஒருமுறை அரை மணி நேரம் "அவங்க வேணாம்னுட்டாங்க" என்று அழுதான். யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அகராதியில் இல்லாத சொல்லெல்லாம் சொல்கிறாரே?

தம்பி 'மினுக்கங்காணி' என்று ஒரு சொல் வைத்திருந்தான். மினுக்கங்காணி பாக்குறான், மினுக்கங்காணி பேர் எழுதுறான் என்பான். ரொம்ப நாள் எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் இரவு பின்வாசலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவன் கண் போன இடத்தைப் பார்த்தேன். செம்பனைக்கு மேலே தொலைபேசிக் கோபுரம், அதன் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் தாத்தா காலத்தில், தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிட்டது மேற்பார்வை பார்க்கிற கங்காணி. அவனைக் கண்காணிக்கிற விளக்கு மினுக்கங்காணி.

இலக்கணப்படி சொல்லாக்கத்தில் குற்றமே இல்லை. சொல்லப்போனால் நல்ல சொல். ஆனால் அது அவன் ஒருத்தனுக்கு மட்டும் புழங்குகிற காசு. கடையில் செல்லாது. இப்படிச் சொல் வரும்போது "அப்படி ஒரு சொல்லே இல்லை" என்று அடித்துப் பேசுவதைவிட, "அது எங்க இருக்கு, காட்டு" என்று கேட்பது மேல். அந்தச் சொல்லுக்குள்தான் அவர் பயம் இருக்கிறது.

என் மகன் பேசுவதே இல்லை. கேட்டதற்கு ஒரு சொல். சோம்பலா, திமிரா?

சத்தமாக உளறுகிறவரைத்தான் ஊர் கவனிக்கும். ஆனால் குடும்பத்தை வருஷக்கணக்கில் அரிப்பது இந்த மௌனம்தான். சாப்பிட்டியா? "ம்." எங்க போன? "வெளிய." குரலில் ஏற்ற இறக்கம் இல்லை, பதிலுக்கு முன்னால் நீண்ட இடைவெளி, முகத்திலும் ஒன்றும் தெரியாது. பேச்சு வறண்டுபோவது இந்த நோயின் ஒரு பகுதி. சொல்ல வேண்டும் என்ற உந்துதலே உள்ளே வற்றிவிடுகிறது. சிலர் நிறையப் பேசுவார்கள், பத்து நிமிஷம் கேட்டபிறகு கையில் ஒன்றும் தங்காது. அதுவும் வறட்சியில் சேர்த்திதான்.

இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு எங்கள் அப்பா மூன்று வருஷம் தம்பியோடு பேசாமல் இருந்தார். இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள்.

மௌனத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். மனச்சோர்வு, மருந்தின் மந்தம், உள்ளே குரல்கள் பேசிக்கொண்டிருப்பதால் வெளியே பேச முடியாதது. எது என்று பிரித்துச் சொல்ல மருத்துவர்தான் வேண்டும்.

தனியாக யாரோடு பேசுகிறார்?

பெரும்பாலும் அவர் காதில் விழும் குரலுக்குப் பதில் சொல்கிறார். நமக்குத் தனிப்பேச்சு, அவருக்கு உரையாடல்.

குரல் எங்கிருந்து வருகிறது? நாம் எல்லோரும் மனசுக்குள் பேசிக்கொள்கிறோம். "அடுப்பை அணைச்சேனா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டால் அது நம் குரல்தான் என்று மூளை முன்கூட்டியே முத்திரை குத்திவிடும். இந்த நோயில் அந்த முத்திரை விழுவதில்லை என்பது பலரும் ஏற்கும் ஒரு விளக்கம். முத்திரை இல்லாத தபால் மாதிரி, அனுப்பியவர் யாரோ என்று ஆகிவிடுகிறது. 1993ல் லண்டனில் நோயாளிகளுக்குக் குரல் கேட்கிற நேரத்தில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோது, பேச்சை உருவாக்குகிற புரோக்கா பகுதியில் இரத்த ஓட்டம் கூடியிருந்தது. கேட்கிறவரின் மூளையேதான் பேசவும் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

குரல் சில சமயம் அவரிடம் பேசாமல் அவரைப் பற்றிப் பேசும். ரேடியோவில் பந்து விளையாட்டு வர்ணனை போல: "எந்திரிக்கிறான், பல்லு விளக்கப் போறான், பாரு பாரு, கண்ணாடி பாக்குறான்." தமிழில் அந்த 'றான்' விகுதி ஒன்று போதும், ஆள் கூசிப்போக. ஜெர்மன் மருத்துவர் குர்ட் ஷ்னைடர் இந்த வகைக் குரலை நோயின் முக்கிய அடையாளங்களில் ஒன்றாகக் குறித்தார்.

நம்மவர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று. 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வில் சென்னை, கானாவின் அக்ரா, அமெரிக்காவின் சான் மேத்தியோ மூன்று இடங்களில் தலா 20 பேரிடம் அவர்கள் கேட்கும் குரலைப் பற்றி விசாரித்தார்கள். அமெரிக்கர்கள் வன்முறைக் குரல்களைப் பற்றி அதிகம் சொன்னார்கள். சென்னையில் பலருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்: குளி, சாப்பிடு, வீட்டைக் கூட்டு என்று வேலை ஏவுகிற குரல், திட்டுகிற குரல். தம்பிக்கும் செத்துப்போன எங்கள் பாட்டி குரல் கேட்கும். "வெயில்ல நிக்காத" என்பாளாம். அதைக் கேட்டு அவன் உள்ளே வந்துவிடுவான். நானும் பாட்டிக்கு நன்றி சொல்லிக்கொள்வேன், என்ன செய்வது.

ஆனால் குரல் "செத்துப்போ" என்றோ "அவனை வெட்டு" என்றோ ஏவினால் வேடிக்கை பார்க்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவு, அல்லது 999 அவசர எண். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு நம் நாட்டில் 2023ல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மறைக்கத் தேவையில்லை.

இது சாமி வாக்கு இல்லையா? முனியாண்டி இறங்கியிருக்கலாமே?

நான் கோயிலுக்குப் போகிறவள்தான், தைப்பூசத்துக்கு விரதமும் இருப்பேன். திருவிழாவில் சாமி வந்து ஆடுகிறவர் உடுக்கை சத்தத்தில் ஆடுவார், குறி சொல்வார், திருநீறு போட்டால் மலையேறிவிடும். மறுநாள் காலையில் லோரி ஓட்டப் போவார். அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, சுற்றி நிற்கிறவர்களுக்குப் பொருள் விளங்கும். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, குளியல் விட்டு, வேலை விட்டு, யாருக்கும் விளங்காமல் பேசுவது வேறு. நாங்களும் ஒன்றரை வருஷம் பூசாரி, மலாய் மந்திரவாதியான போமோ என்று அலைந்தோம். எலுமிச்சம்பழம் அறுத்ததால் தம்பிக்குக் கெடுதல் இல்லை, கழிந்துபோன ஒன்றரை வருஷத்தால்தான் கெடுதல். சிகிச்சை தள்ளிப்போகிற அளவுக்குத் தேறுவதும் கடினமாகிறது. மந்திரிக்க வேண்டும் என்றால் மந்திரியுங்கள், அதே வாரத்தில் கிளினிக்குக்கும் போங்கள்.

தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசுகிறார். அது நோயா?

அப்படியானால் மலேசியாவே படுக்கையில் கிடக்க வேண்டும். "சிம்பாங்ல நில்லு, தப்பாவ் பண்ணிட்டு வரேன்" என்பது சுத்தமான, ஆரோக்கியமான மலேசியத் தமிழ். சந்தியில் நில், சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன் என்று பொருள். மொழி கலந்தாலும் பேச்சு போகவேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பழமொழிக்கு அர்த்தம் கேட்டுச் சோதிப்பார்களாமே?

பழைய முறை, இன்னும் சில இடங்களில் கேட்கிறார்கள். "ஆனைக்கும் அடி சறுக்கும்னா என்ன?" என்று நானே தம்பியைக் கேட்டேன். "தரை ஈரமா இருந்திருக்கும்" என்றான். உருவகத்தை நேர்ப்பொருளாக எடுத்துக்கொள்வது இந்த நோயில் உண்டுதான். அம்மா ஒருமுறை "என் வயிறு எரியுதுடா" என்று புலம்ப, அவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். கேலியும் குத்தலும் அவனுக்குப் பிடிபடாது.

ஆனால் இந்தச் சோதனையை நான் முழுசாக நம்பமாட்டேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், வேறு மொழியில் கேட்கப்பட்டவர், பதற்றத்தில் இருப்பவர் எல்லாரும் நேர்ப்பொருள்தான் சொல்வார்கள். என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஆனைக்குச் செருப்பு வாங்கிக்கொடுக்கச் சொன்னவர்கள்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான்தான் மலாயில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றாலும் தப்பில்லை.

தம்பியை முதலில் காட்டிய இடத்தில் டாக்டர் மலாய் பேசினார். தம்பிக்கு மலாய் தெரியும், ஆனால் நோய் முற்றியிருந்தபோது தமிழ்தான் வந்தது. நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். ராவும் நிலாவும் சம்பளமுமாக அவன் நாலு நிமிஷம் பேசுவான். நான் டாக்டரிடம் திரும்பி, "ராத்திரி தூக்கம் வரலைன்னு சொல்றான், சம்பளம் பத்திக் கவலைப்படுறான்" என்று அழகான மலாயில் ஒரே வாக்கியமாகச் சொல்வேன். டாக்டர் தலையாட்டி எழுதிக்கொள்வார். தூக்க மாத்திரை வரும். ஏழு மாதம் இப்படியே போனது.

தப்பு என்னுடையது. வாத்தியார் புத்தி. பிழையான வாக்கியத்தைக் கண்டால் சிவப்புப் பேனா தானாகக் கையில் வந்துவிடும். அவன் பேச்சில் இருந்த உடைசல்தான் நோயின் அடையாளம். அதை நான் பூசிமெழுகி, டாக்டர் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டேன். குடும்பத்தார் மொழிபெயர்த்தால் எல்லா ஊரிலும் நடக்கிற தப்புதான் இது. வெட்கத்தால் கொஞ்சம், பாசத்தால் கொஞ்சம், வாக்கியத்தை நேராக்கிவிடுவோம். அங்கே வேலை செய்த ஒரு தமிழ் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், நீங்க திருத்தாதீங்க. அவரு சொல்றதை அப்படியே சொல்லுங்க."

அப்படியே சொல்வது என்றால் இப்படி. அவர் பேசியதில் நாலைந்து வாக்கியங்களை வீட்டிலேயே வார்த்தை மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். தேதி போடுங்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள், அதற்கு அவர் என்ன சொன்னார் என்று இரண்டையும் எழுதுங்கள். மொழிபெயர்க்கும்போது சொல்லுக்குச் சொல் போடுங்கள், மலாயில் அபத்தமாக ஒலித்தால் ஒலிக்கட்டும். "தமிழிலும் இப்படித்தான் புரியாமல் இருக்கிறது" என்று டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். புதுச் சொல் வந்தால் மொழிபெயர்க்காமல் அந்தச் சொல்லையே சொல்லி, இப்படி ஒரு சொல் தமிழில் இல்லை என்று சொல்லுங்கள். ஓசையால் தாவுகிறார் என்றால் அதையும் விளக்க வேண்டும், ஏனென்றால் ராவுத்தர், ராவு என்ற தாவல் மலாயில் காணாமல் போய்விடும். முன்பு எப்படிப் பேசினார், எப்போதிலிருந்து மாறியது என்பதும் முக்கியம். பிறவியிலேயே சுற்றிவளைத்துப் பேசுகிற மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

நான் நோட்டோடு போன அன்றைக்கு டாக்டர் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். மருந்து அன்றே மாறியது.

பேச்சு குழறினால் எல்லாமே மனச்சிதைவுதானா?

இல்லவே இல்லை. நேற்றுவரை நன்றாகப் பேசியவர், அதுவும் வயசானவர், திடீரென்று சொல் மாறிப் பேசினால், வாய் ஒருபக்கம் கோணினால், கை விழுந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு பிதற்றல், சர்க்கரை இறங்கிப்போய்க் குழறல், வலிப்புக்குப் பிறகு குழப்பம், இவையும் அவசரம்தான். இளையவர்களிடம் சியாபு என்கிற போதைப்பொருள் பழக்கம் இருந்தால் அச்சு அசலாக இதே மாதிரி சந்தேகமும் குரலும் வரும், தோட்டப் பக்கம் இதை நிறையப் பார்க்கிறோம். அப்புறம், பேச்சு வெள்ளமாகப் பாய்ந்து, தூக்கமே தேவைப்படாமல், ஊரையே விலைக்கு வாங்குகிற உற்சாகத்தில் இருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதிலும் பேச்சு தடம்புரளும். பேச்சை மட்டும் கேட்டு நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது.

கம்ப்யூட்டர் கேட்டே சொல்லிவிடுமாமே என்று ஒரு பையன் கேட்டான். 2015ல் ஓர் ஆய்வு வந்தது. நோய் வரும் ஆபத்தில் இருந்த 34 இளையவர்களின் ஆங்கிலப் பேச்சை மென்பொருள் அலசி, பின்னால் நோய் வந்த 5 பேரைச் சரியாகப் பிரித்தது. 34 பேர் என்பது ஒரு வகுப்பறை. அதை வைத்து வீட்டில் யாரையும் முத்திரை குத்தாதீர்கள்.

மாத்திரை போட்டால் பேச்சு திரும்புமா?

கலைந்த பேச்சும் குரல்களும் பலருக்கு மருந்தில் அடங்கும், சில வாரங்கள் பிடிக்கும். வறண்ட பேச்சுக்கு மருந்து அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் நான் தம்பியை அவ்வளவு நச்சரித்திருக்கமாட்டேன்.

மருந்தே பேச்சைப் பாதிப்பதும் உண்டு. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளில் உடம்பு விறைத்து, நாக்கு தடித்தது போல் குழறும். தாடை இறுகினாலோ, நாக்கு தானாக வெளியே தள்ளினாலோ, கழுத்து ஒருபக்கம் முறுக்கிக்கொண்டாலோ உடனே மருத்துவமனை. முறிக்க ஊசி இருக்கிறது, சீக்கிரம் சரியாகிவிடும். குளோசபின் என்கிற மருந்து மற்ற மருந்துக்கு அடங்காத நோயையும் அடக்கும், ஆனால் வாயில் எச்சில் ஊறி ஊறிப் பேச்சு நனையும், இரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. பக்கவிளைவைச் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். தினம் மாத்திரை மறக்கிறவருக்கு மாதம் ஒரு ஊசி இருக்கிறது, தம்பி அதில்தான் இருக்கிறான்.

வீட்டில் நாங்கள் எப்படிப் பேச வேண்டும்?

நம் பேச்சும் மருந்துதான், விஷமும்தான். இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கி, பின்பு 1976ல் வான், லெஃப் இருவரும் நடத்திய ஆய்வுகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கும் வீட்டிலும், கரித்துக்கொட்டும் வீட்டிலும், மூச்சுவிடவிடாமல் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளும் வீட்டிலும் நோய் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்றாவது சங்கதி நம் அம்மாக்களுக்கு. அன்பு என்று நினைத்துத்தான் செய்வார்கள்.

ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். "குளிச்சிட்டு, துணி காயப் போட்டுட்டு, அப்படியே கடைக்கும் போய்ட்டு வா" என்பது மூன்று வாக்கியம். ஒன்றை முடித்தபிறகு அடுத்ததைச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள், பதில் வழியில் இருக்கலாம். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். புரியாவிட்டால் புரிந்தது போல் தலையாட்டாதீர்கள், அவருக்குத் தெரிந்துவிடும். "எனக்குப் புரியலடா, சம்பளம் மட்டும் புரிஞ்சுது, அதைச் சொல்லு" என்று கையில் அகப்பட்ட ஒரு சொல்லைப் பிடித்துக் கேளுங்கள். குரல் கேட்கிறது என்றால் "அதெல்லாம் பொய்" என்று வாதாடவும் வேண்டாம், "எனக்கும் கேக்குது" என்று பொய் சொல்லவும் வேண்டாம். "எனக்குக் கேக்கல, உனக்குப் பயமா இருக்கா?" போதும்.

எங்கே போவது? தஞ்சோங் ரம்புத்தானா?

அந்த ஊர்ப் பேரைச் சொல்லித் திட்டியே நாம் கெட்டோம். 1911ல் அங்கே திறந்த மனநல மருத்துவமனை அது, இப்போது பேர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. மலாயில் பஹாகியா என்றால் மகிழ்ச்சி. எடுத்ததும் அங்கே போக வேண்டியதில்லை. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் தொடங்குங்கள், குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட், தேவைப்பட்டால் அவர்களே கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். மெந்தாரி என்ற சமூக மனநல மையங்களில் வேலைக்குத் திரும்பவும் உதவுகிறார்கள். மனம் விட்டுப் பேச ஹீல் 15555 என்ற அரசாங்கத் தொலைபேசி எண் இருக்கிறது. சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு மனநலப் பிரிவிலும் பதியலாம். கௌரவம் பார்த்துப் பதியாமல் இருப்பவர்கள் நம்மில் அதிகம்.

அவர் பேசியதை நோட்டில் எழுதுவது அவருக்குத் தெரியலாமா?

தெரிய வேண்டும். ஒளித்து எழுதினால், "என்னைப் பத்தி எழுதுறாங்க" என்ற அவர் சந்தேகம் உண்மையாகிவிடும். ஆரம்பத்தில் நான் ஒளித்துத்தான் வைத்தேன், அரிசி டின்னுக்குப் பின்னால். பிறகு டாக்டரே சொல்லி, நோட்டை மேசைமேல் வைத்தேன். "டாக்டர்கிட்ட நீ சொன்னதை அப்படியே சொல்லணும், அதுக்குத்தான்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

போன வருஷம் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். 1996ன் ரொட்டிப் பக்கத்தில் நின்று, என் சிவப்புப் பேனாவை எடுத்து, ஒரு வரியை அடித்தான்.

"ராவுத்தர்கிட்ட இல்லக்கா," என்றான். "ராவுத்தர் தம்பிகிட்ட. கடை பூட்டித்தான் இருந்துச்சு."